பல்லும் கண்ணியும்

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று பாரம் வாங்காமல் கீழே போய்விடும். அரை நொடிகூட இருக்காது. முழங்கால் நீண்டு, இடுப்பு முன்னால் சரிந்து, கை தானாகவே ஹேண்டில் பாரை இறுக்கிக்கொள்ளும். அதற்குள் எங்கோ ஒரு பல் பிடித்துவிடும். சைக்கிள் ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறும். விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் உடம்பு அதை அன்று முழுக்க மறப்பதில்லை. செயின் ஒரு பல் தாண்டினால் பெடல் எவ்வளவு இறங்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 பல் செயின் வீலில் ஒரு பல்லுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு மூன்று பல் சேர்ந்து தாண்டினாலும் நான்கு விரற்கடை. இவ்வளவு சிறிய பள்ளத்தில் எப்படி இவ்வளவு பெரிய கலக்கம் விழுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. பிரேக் பிடிக்காவிட்டால் அது பயம். டயர் பஞ்சரானால் எரிச்சல். இது இரண்டிலும் சேராது. முழு எடையையும் ஒன்றின்மேல் நம்பி வைத்த பிறகு அது அங்கே இல்லாமல் போகிறது. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியதிலிருந்து இந்த அரை நொடி என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. பழுதைக் கண்டுபிடித்துச் சரியும் பண்ணியாகிவிட்டது. பிறகும் ஒரு கேள்வி மட்டும் ஓயவில்லை: அந்தப் பழுது உண்மையில் எதில் இருந்தது?

எடையை நம்பி வைப்பது என்றேன். எவ்வளவு எடை? அறுபது கிலோ ஆள் ஒருவர் சீட்டை விட்டு எழுந்து, பெடல் தண்டு படுக்கையாக இருக்கும் நிலையில் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் தண்டின் நீளம் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். 48 பல் செயின் வீலின் ஆரம் 97 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி செயினில் விழும் இழுப்பு நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறது. சுண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு செயினில், ஆளின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த இழுப்பு பின்னால் 18 பல் ஃப்ரீவீலுக்குப் போகிறது. அதன் வயிற்றுக்குள் இன்னும் சிறிய வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு எஃகு நாக்குகள், ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சிறியவை, அதைவிடக் கூடுதலான விசையை வாங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. கடைத்தெருவுக்குப் போய்வரும் எளிய காரியத்துக்குள் இத்தனை பாரம் ஓசையில்லாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது. இன்று நாம் ஓட்டும் செயின், அடிப்படை அமைப்பில், சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்ற செயின்தான். பின்னுக்கு மேலே ஒரு குழல், குழலுக்கு மேலே சுழலும் உருளை. அதற்கு முந்தைய செயின்களில் பாரமெல்லாம் மெல்லிய தகட்டின் விளிம்பில் விழுந்து பின்னைச் சீக்கிரம் அறுத்துவிடும். குழல் வந்த பிறகு அதே பாரம் அகலமான பரப்பில் பரவியது. தேய்மானத்தை ஒழிக்க முடியாது என்று தெரிந்து, அதைப் பரப்பிவிட வழி கண்ட மனிதர் அவர். எனக்கு அந்த யோசனைமேல் பெரிய மரியாதை உண்டு. ஐந்தே ஆண்டுகளில், 1885இல், ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் கோவென்ட்ரியில் செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டிக்கொண்டு வந்தது. அதன் பேரப்பிள்ளைகள்தாம் நம் தெருக்களின் கறுப்பு சைக்கிள்கள் எல்லாம்.

வழுக்குகிறது என்று சொல்வது எளிது. எது வழுக்குகிறது என்பதைக் காலால் கேட்க வேண்டியிருக்கிறது. என் சைக்கிளில் பின்னால் 18 பல், முன்னால் 48 பல், செயினில் 108 கண்ணி. இந்த மூன்று எண்களும் மூன்று தாளங்கள். பெடல் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒருமுறை தடுக்கினால் கோளாறு முன்பக்கம்: செயின் வீலில் வளைந்த பல், அல்லது பெடல் தண்டிலேயே ஏதோ ஒன்று. இரண்டேகால் சுற்றுக்கு ஒருமுறை தடுக்கினால் செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகிப்போய் மடங்க மறுக்கிறது என்று பொருள். 108ஐ 48ஆல் வகுத்தால் வருவது அந்த இரண்டேகால்தான். ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை என்றால் ஃப்ரீவீலின் ஒரு பல்லைச் சந்தேகப்படலாம். தாளமே இல்லாமல், எடை வைக்கும்போது மட்டும், எங்கே வேண்டுமானாலும் நழுவினால்தான் சிக்கல். சைக்கிள் கடை வாசலில் மெக்கானிக்குகள் வண்டியை வாங்கி ஒரு சின்ன வட்டம் அடித்துவிட்டு வருவார்களே, அவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்க்கிறார்கள். வாயைத் திறக்காமல் கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு அவர்கள் அந்த வட்டத்தை முடிக்கும் விதத்தைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறார்கள் என்பது எனக்கே ஒரு நழுவல் வாய்த்த பிறகுதான் புரிந்தது. என் வண்டியில் தாளம் இல்லை. தட்டையான சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்றால் போதும்.

முதலில் காட்டர் பின்னைச் சந்தேகத்திலிருந்து விலக்க வேண்டும். பெடல் தண்டை ஆக்சிலோடு பிணைக்கும் அந்தச் சாய்வான முளை தளர்ந்துவிட்டால் காலுக்கு ‘டக்’ என்று ஒரு சரிவு தெரியும்; அதை வழுக்கல் என்று நினைத்துக்கொண்டு செயினை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்தி இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு அரைச் சுற்றுச் சுற்றி, வலது பின்னாலும் இடது முன்னாலுமாக மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு தடவையும் தண்டுகள் ஒரே கோட்டில் நின்றால் பின் நன்றாக இருக்கிறது. நின்றன. அடுத்தது ஃப்ரீவீல். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் உள்ளே நாக்குகள் பள்ளம் பள்ளமாக விழும் சத்தம் கேட்கும். மாலை நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவர்களுக்குப் பின்னால் வரும் அதே ‘கிர்ர்’ ஒலி. ஒரு நாக்கு எழும்பாமல் படுத்துவிட்டால் அந்தச் சத்தம் மெலியும், இடைவெளி விடும். நாக்குகளை எழுப்பி நிறுத்துவது மயிரிழை போன்ற கம்பிச் சுருள். தூசி கலந்த கிரீஸ் அதை எளிதாக அமுக்கிவிடும். சில வீடுகளில் கைக்குக் கிடைக்கிறது என்று ஃப்ரீவீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். மார்கழிக் காலையில் மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றும். வெயில் ஏறியதும் வண்டிக்குப் புத்தி வந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது நடுப்பகல் ஆகியிருக்கும், ‘ஒண்ணுமில்லையே’ என்பார். மண்ணெண்ணெயில் அலசி, மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டால் தீர்ந்துவிடும் கோளாறு அது. என் ஃப்ரீவீலின் சத்தத்தில் குறை ஒன்றுமில்லை. நாக்குகள் இரண்டும் உயிரோடு இருந்தன.

மிச்சம் இருப்பது செயினும் பல்லும். செயின் புத்தம் புதியது. விற்றவர் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். நல்லெண்ணத்தோடு செலவழித்துப் போட்டிருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். எண்ணெய்ப் பளபளப்பு, தகடுகளில் நீலம் பாய்ந்த நிறம். இந்த வண்டியிலேயே சந்தேகப்பட முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டுக் கொடுத்து, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலில் மெல்ல மெல்ல எடையை ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் பையனைக் குனிந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். பையன் மூச்சுவிடாமல் பார்த்தான். “செயின்தான் மாமா ஏறுது… பல்லு மேல ஏறுது… ஏறி அந்தாண்ட விழுது” என்றான். அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. கீழே குனிந்து நானே பார்த்தபோது ஃப்ரீவீலின் பற்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. புதுப் பல்லின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், இடையில் அரைவட்டமாகப் பள்ளம். இங்கே பள்ளம் ஒருபக்கமாக நீண்டு, பல்லின் முனை கொக்கிபோல் வளைந்திருந்தது. சைக்கிள் முன்னோக்கி மட்டுமே இழுக்கப்படும் வண்டி. அதனால் இரும்பும் அந்த ஒரு பக்கம் மட்டுமே கரைகிறது. மறுபக்கத்தில் தொழிற்சாலையில் வெட்டிய வடிவம் இன்னும் அப்படியே இருந்தது, விரல் நுனியால் தடவினால் கூர்மை தெரிந்தது.

செயின் நீள்கிறது என்கிறோம். தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் குழலுக்குள் அரைபட்டு இம்மியளவு இடம் விடுகிறது. நூற்றுச் சொச்சம் இம்மிகள் சேர்ந்து நீளமாகின்றன. ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குச் சரியாக அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். ஆகவே 24 கண்ணிக்கு 12 அங்குலம். பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து அளந்தால் போதும்: அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது, எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பற்களும் அதோடு போய்விட்டன. அந்த எட்டில் ஒரு பங்கு என்பது கண்ணிக்குக் கண்ணி மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான், பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்த ஒன்றுமில்லாத நீளத்துக்கு ஏற்றபடி பற்கள் தங்கள் பள்ளத்தை நீட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. செயின் நீள நீள, பல் வளைந்து கொடுத்திருக்கிறது. பழைய செயினோடு இந்த ஃப்ரீவீல் இன்னும் நெடுநாள் ஓடியிருக்கும், ஒருமுறைகூட நழுவாமல். அரை அங்குலத்துக்கு அரை அங்குலம் என்ற சரியான அளவோடு புதுச் செயின் வந்து உட்கார முயன்றதும் அதற்கு இடமில்லை. உருளை பள்ளத்தின் அடியைத் தொட முடியாமல் பல்லின் தோளில் நிற்கிறது. எடை ஏறியதும் தோளிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து அடுத்த பள்ளத்துக்கு.

இங்கேதான் என் மனம் தங்கிவிட்டது. செயினில் குறையில்லை, அளந்து பார்த்தாயிற்று, 24 கண்ணிக்கு 12 அங்குலம், கோடு பிசகவில்லை. ஃப்ரீவீல் தேய்ந்தது உண்மை, ஆனால் தேய்ந்த நிலையிலேயே அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டில் எதைத் தனியாகக் கழற்றி மேசைமேல் வைத்தாலும் வழுக்கலைக் காட்ட முடியாது. வழுக்கல் என்பது அவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. பிரித்த உடனே இல்லாமல் போகிறது. பழுது என்றால் ஏதோ ஒரு பொருளுக்குள் இருக்கும், அந்தப் பொருளைத் தூக்கிப் போட்டால் பழுதும் போய்விடும் என்று நினைத்தே பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை இந்தப் பதினெட்டுப் பல் எனக்குக் குலைத்துவிட்டது. இதை மனிதர்களுக்கு, குடும்பங்களுக்கு, நீண்ட நாள் நட்புக்கு என்று பொருத்திப் பேசிவிடலாம், வாய்க்கு வந்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. இரும்பைப் பற்றிய இந்த உண்மை இரும்பைப் பற்றியதாகவே இருக்கட்டும், அதற்கே போதிய ஆழம் இருக்கிறது. கடையில் சொன்னபோது மெக்கானிக் வண்டியைத் தொடாமலேயே தலையை ஆட்டினார். “பழசு பழசோடதான் சார் ஓடும். புதுச மாட்டினா எகிறத்தான் செய்யும்.” கடையின் உட்சுவரில் ஆணியில் கறுத்த செயின்கள் தொங்கின. எடைக்குப் போடாமல் எதற்கு வைத்திருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். ஃப்ரீவீல் வாங்கக் காசில்லாமல் வருகிறவர்களுக்கு, அதே அளவு தேய்ந்த செயினாகப் பார்த்து மாட்டிவிடுவாராம். “ஒரு வருசம் ஓடும். அதுக்குள்ள அவங்க கையில காசு வந்துரும்.” அளவுகோல் எதுவும் இல்லாமல், செயினைப் படுக்கையாகப் பிடித்துப் பக்கவாட்டில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்தே அவர் தேய்மானத்தைச் சொல்லிவிடுகிறார். தேய்ந்ததைத் தேய்ந்ததோடு சேர்த்து வைப்பது ஏமாற்று வேலை என்று ஒரு பொறியாளர் சொல்லக்கூடும். வண்டியை நிறுத்திவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது செம்மையான பொறியியல் என்பதே என் எண்ணம்.

பழைய வண்டி வாங்குகிறவர் இன்னொருவர் கால் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். என் வண்டியின் கேரியரில் இரு பக்கக் கம்பியிலும் ஒரே உயரத்தில் பெயின்ட் போய், துருவும் ஏறாமல், இரும்பு வெள்ளிபோல் மின்னுகிறது. கொக்கி மாட்டிய தடம். பால் கேனாக இருக்கலாம். நாள்தோறும் கழற்றி மாட்டிய இடத்தில் மட்டுமே துரு அண்டாது. பாரம் ஏற்றி ஓட்டிய வண்டிக்குப் பல் இப்படித்தான் சாயும். அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் பற்கள் பெரும்பாலும் கூர் மழுங்காமல் இருக்கும், சங்கடமெல்லாம் மழையில் நின்ற செயினில்தான். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சைக்கிள் பழகியபோது, பலரும் ஓட்டியது ஆண்கள் சைக்கிளைத்தான். முன் கம்பியில் பிள்ளை, பின்னால் குடம். அந்த எடையோடு ஏற்றத்தில் பெடல் நழுவினால் என்ன ஆகும் என்பதை இந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் யோசிக்கிறேன். சைக்கிள் தந்த விடுதலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த விடுதலையின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு எங்கோ ஒரு பல் நழுவாமல் நின்றிருக்கிறது, அதை எண்ணெய் விட்டுக் காப்பாற்றிய யாரோ ஒரு மெக்கானிக்கும் இருந்திருக்கிறார்.

ஃப்ரீவீலைக் கழற்றியது பெரிய பாடு. அது ஹப்பில் மரை போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது; மிதிக்கும் திசையும் முடுக்கும் திசையும் ஒன்று. முந்தையவர் ஏற்றங்களில் வைத்த எடை முழுவதும் அந்த மரையில் இறுக்கமாகச் சேர்ந்திருந்தது. இரவெல்லாம் மண்ணெண்ணெய் ஊறவிட்டு, கழற்றும் கருவியை வைஸில் கடிக்க வைத்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரி இருவர் பிடித்துத் திருப்பியபோது ‘படீர்’ என்று விட்டது. ரிம்மே உடைந்துவிட்டதென்று நினைத்தேன். புது ஃப்ரீவீலை மாட்ட விரலே போதும். மிதிக்க மிதிக்கத் தானே இறுகிக்கொள்ளும். புதுச் செயினையே மறுபடி பூட்டினோம். லாக் கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வால் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். மெக்கானிக் சக்கரத்தை இழுத்து, செயினின் நடுவே விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடுகிற அளவுக்கு விட்டு நட்டை இறுக்கினார். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன், நழுவவில்லை.

செயின் வீலைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதையும் மாற்றிவிட்டால் செட்டாக இருக்கும் என்பது மெக்கானிக்கின் கட்சி. முன்பக்கம் 48 பல்லில் பாதிக்கு மேல் செயினைத் தாங்குகின்றன, பின்பக்கம் எட்டு ஒன்பதுதான்; பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்பல் இரண்டரைத் தடவைக்கு மேல் வேலை செய்கிறது; ஆகவே முன்பல் மெதுவாகத்தான் தேயும் என்று நான் சொன்னேன். முன்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் அரைப் பல்கூட வெளிச்சம் தெரியவில்லை, அது போதும் எனக்கு. ஆனால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஃப்ரீவீல் உருண்டு உருண்டு வேறு வேறு பல்லில் பாரத்தை வாங்குவதால் எல்லாப் பல்லும் சமமாகத் தேய்ந்திருந்தது. செயின் வீலில் அப்படியில்லை. கால் முழு வலுவோடு அழுத்தும் நிலையில் ஒவ்வொரு முறையும் அதே சில பற்கள்தாம் இழுக்கின்றன. எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் மெலிந்திருந்தன. வலது கால் மிதிக்கும்போது வேலை செய்யும் இடத்தில் மெலிவு கூடுதல். முந்தையவர் வலது கால் வலுவுள்ளவர். எனக்கு இடது கால்தான் வலு. இனி மற்ற இடத்துப் பற்கள் வேகமாகத் தேயத் தொடங்க வேண்டும், இரண்டும் ஒருநாள் சமமாகவும் வேண்டும். அந்தச் சில பற்களைப் புதுச் செயின் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் கேட்கிறார். மாதம் ஒருமுறை ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.